கால் வயிறு

பிரகதீஸ்வரிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது என்பது அவளை அறிந்த எல்லோருக்கும் தெரியும். என்ன ஆபரேஷன் என்பது, டாக்டர்களைக் கழித்துவிட்டால், மூன்று பேருக்குத்தான் தெரியும். அவள், அவள் புருஷன் ஆத்மநாதன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சிவபிரகாஷ். மற்றவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தார்கள். குடலிறக்கம் மரியாதையான வியாதி. யாருக்கும் வரலாம். வந்தவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

இலுப்பூருக்கு அடுத்த ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அவள் சத்துணவு அமைப்பாளர். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருஷமாகச் சோறு போட்டு வருகிறாள். நாற்பத்துநாலு வயதில் எடை நூற்று இருபத்தொரு கிலோ. சர்க்கரை இருந்தது. முட்டிவலி இருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு ஒன்றும் இருந்தது. இவையெல்லாம் சேர்ந்தும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. அனுப்பியது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஒன்றிய அலுவலகத்தில் அமைப்பாளர்கள் கூட்டம். கை வைத்த நாற்காலி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் எழுந்தபோது நாற்காலியும் எழுந்தது. அது தெரியாமல் இரண்டடி நடந்துவிட்டாள். பின்வரிசைக்காரிகள் இரண்டு பேர் ஓடி வந்து, ஆளுக்கு ஒரு நாற்காலிக் காலைப் பிடித்து இழுத்துக் கழற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாராவது ஒருத்தர் சிரித்திருந்தால் அவளும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். எல்லோரும் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு, “நீ சொன்ன அந்த ஆபரேஷன் எங்கப்பா பண்றாங்க?” என்று கேட்டாள்.

திருச்சியில் டாக்டர் ஒரு தாளில் இரைப்பையைப் படம் போட்டுக் காட்டினார். நடுவே பேனாவால் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுவோம், அந்தப் பக்கம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிஞ்சும் என்றார். முக்கால்வாசி போய்விடும். கால்வாசி இருக்கும்.

“மறுபடி வளந்துருமா சார்?” என்று ஆத்மநாதன் கேட்டான். அவன் மின்வாரியத்தில் வயர்மேன். ஒரு வேலையை முடித்தால் அது திரும்பப் பழுதாகுமா என்று கேட்டுத்தான் பழக்கம்.

“வளராது. ஆனா விரியும். அது இவங்க கையில இருக்கு.”

“சரிங்க சார்” என்று அவன் பிரகதீஸ்வரியின் கையைப் பார்த்தான்.

குடலிறக்கம் என்று சொல்லும் யோசனை அவளுடையது. ஆத்மநாதனின் அக்கா சொர்ணம் அறந்தாங்கியில் இருக்கிறாள். வாரம் இருமுறை போன் செய்து குடும்பத்தில் யார் யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று சொல்பவள். ‘வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கிட்டாளாம்’ என்ற வாக்கியம், சொர்ணம் அதைச் சொல்வதற்கு முன்பே, சொர்ணத்தின் குரலிலேயே பிரகதீஸ்வரியின் காதில் கேட்டுவிட்டது.

சித்திரை மாத விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். முதல் இரண்டு வாரம் தண்ணீர் வகைதான். இருமல் மருந்தோடு கொடுப்பார்களே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி, அதுதான் அளவு. கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி. மோர் ஒரு மூடி, இளநீர் ஒரு மூடி, பருப்புத் தண்ணீர் ஒரு மூடி. ஆத்மநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இளநீர்க்காரர் ஒரு காய் வெட்டித் தந்தால் அது அவளுக்குக் காலையிலிருந்து மதியம் வரைக்கும் வந்தது.

அப்புறம் மசித்த சாப்பாடு. அப்புறம் அரை இட்லி. ஒரு வாயை இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் கூடாது. முதலில் முட்டை, மீன், பருப்பு. வயிற்றில் இடமிருந்தால் சோறு. வயிற்றில் இடமிருக்காது. ஒரு வாய் அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல் நின்றுகொள்ளும். பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரையாகக் கக்கினால்தான் விடும். அரை இட்லி சாப்பிட இருபத்தைந்து நிமிஷம் ஆனது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவள் எட்டு இட்லி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பஸ்ஸையும் பிடித்திருப்பாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் அமைப்பாளர் சாப்பாட்டை ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. முன்பு பிரகதீஸ்வரி அதை ஒரு தட்டில் போட்டு, முட்டையும் வைத்து, பொறுப்பாக ருசி பார்ப்பாள். இப்போது ஒரு கரண்டி சாம்பார் சாதம் எடுத்து, சுவரோரம் உட்கார்ந்து, மென்றுகொண்டே இருந்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையில் தட்டோடு நின்றார்கள். அவள் மென்றுகொண்டிருந்தாள்.

சமையல்காரி செபமாலை இதை ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கேட்டாள். “டீச்சர், என் சமையல்ல ஏதும் குத்தமா?”

பதினெட்டு வருஷமாகச் செபமாலை அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல பிரகதீஸ்வரிக்கு வரவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

செபமாலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப உப்பு சரியா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அம்புட்டுதான் எனக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள். விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேரானார்கள்.

வீட்டில் வேறு பிரச்சினை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே உழக்கில் அரிசி அளந்த கை, குறைத்து அளக்க மறுத்தது. குழம்பு வைத்தால் ஐந்து பேருக்கு வைத்தாள். தோசை மாவு அரைத்தால் கல்யாண வீட்டுக்கு அரைத்தாள். அவள் சாப்பிடுவது மூன்று கரண்டி. மிச்சத்தைக் கொட்ட ஆத்மநாதனுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷமாக அவன் தட்டில் மீந்ததை அவள் சாப்பிட்டாள். இப்போது பாத்திரத்தில் மீந்ததை அவன் சாப்பிட்டான். ஆடி பிறந்தபோது அவள் இருபத்தாறு கிலோ இறங்கியிருந்தாள். அவன் ஏழு கிலோ ஏறியிருந்தான். போஸ்டில் ஏறும்போது இடுப்பில் மாட்டும் பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினான், பிறகு இன்னொரு ஓட்டை. உடம்பு ரொம்பச் சோர்வாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னான். கொஞ்சம் கூடப் போட்டுச் சாப்பிடுங்க என்றாள் அவள்.

அவளுக்கு வலி இல்லை. மயக்கம் இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூச்சு நிற்காமல் தூங்கினாள். தலைமுடி மட்டும் கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. அது போய்த் திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விரால்மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தவள், அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். குழம்பு நன்றாக வந்திருந்தது. எண்ணெய் மேலே பிரிந்து நின்றது. முன்பானால் அந்த வாசனைக்கே கை தட்டைத் தேடும். இப்போது ஒன்றும் தோன்றவில்லை. குழம்பைப் பார்த்தாள், குழம்பு குழம்பாக இருந்தது. சாப்பிட முடியவில்லை என்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. சாப்பிட வேண்டும் என்றே இல்லாமல் போனதுதான் தாங்கவில்லை. விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது, அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் போலிருந்தது. ஆத்மநாதன் வந்து பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

இதற்கிடையில் ஊரில் எல்லோரும் அவளிடம் அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள்.

காய்கறிக் கடைக்காரர் நல்ல தக்காளியாகத் தானே பொறுக்கிப் போட்டார். பஸ்ஸில் ஆண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்த எதிர்வீட்டு ராஜலட்சுமி ஒரு நாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “எதையும் மனசுல வச்சுக்காதடி” என்றாள். எதை என்று இருவருக்குமே சரியாக ஞாபகமில்லை. உடம்பு இளைத்தால் தன்னம்பிக்கை கூடும், மற்றவர்கள் உங்களைப் பார்க்கும் விதமே மாறும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வகுப்பு எடுத்திருந்தாள். அது உண்மைதான் போலிருக்கிறது என்று பிரகதீஸ்வரி நினைத்தாள்.

அவளுக்குப் புற்றுநோய் என்று ஊரில் முடிவாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. குடலிறக்கத்துக்கு யாரும் இப்படி உருக மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. முடி வேறு கொட்டுகிறது. அவள் உருகிக்கொண்டிருக்க, பக்கத்தில் அவள் புருஷன் நாளுக்கு நாள் பூரித்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றியும் ஊர் பேசியது.

செய்தி அறந்தாங்கிக்குப் போய், சொர்ணம் புறப்பட்டு வந்தாள். ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை, ஹார்லிக்ஸ் இரண்டு பாட்டில். பிரகதீஸ்வரியை வாசலில் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அன்று முழுக்க ஒருவரைப் பற்றியும் தப்பாகப் பேசவில்லை. பிரகதீஸ்வரிக்கு அது கொஞ்சம் கலக்கமாக இருந்தது. சாயங்காலம் தம்பியைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொர்ணம் கேட்டாள்.

“டாக்டரு எம்புட்டு நாளுன்னு சொல்லிருக்காரு?”

ஆத்மநாதனுக்குப் பொய் வராது. குடலிறக்கம் என்ற ஒரு வார்த்தையை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தான். இந்தக் கேள்விக்கு அது பதிலாக அமையவில்லை. அக்காவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான். எடை இறங்கி ஒரு நிலைக்கு வர எவ்வளவு காலமாகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னான்.

“ஒரு வருஷம். கூடிப்போனா ஒன்றர வருஷம். அதோட சரியாம்.”

சொர்ணம் துளசிச் செடியைப் பிடித்துக்கொண்டாள். “அவளுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியாமயாக்கா? அவதானே கையெழுத்துப் போட்டா.”

“ஒனக்குக் கஷ்டமா இல்லையாடா?”

“கஷ்டந்தான்க்கா. ஒத்த ஆளா எம்புட்டுத்தான் திங்கிறது?”

சொர்ணம் அதைத் துக்கத்தில் பேசுகிற பேச்சாக எடுத்துக்கொண்டாள். “நீ மனசத் திடமா வச்சுக்க. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றாள். அவள் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் பீஸ் போயிருந்தது, கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆவணி மாதம் சொர்ணத்தின் பேரனுக்குக் காதுகுத்து. அறந்தாங்கி மண்டபத்தில் மட்டன் பிரியாணி. பிரகதீஸ்வரி பழைய பட்டுச்சேலையை இரண்டு சுற்று கூடச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாள். ஜாக்கெட் புதிதாகத் தைத்தது. எண்பத்தெட்டு கிலோ. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அறந்தாங்கிப் பஸ்ஸில் ஒரு ஆளுக்கான இடத்திலேயே உட்கார்ந்து வந்தாள். யாராவது ‘நல்லா எளச்சுட்டியே’ என்று சொல்வார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் சொல்லவில்லை. வந்தவர்கள் தோளைத் தொட்டார்கள். ஒருவர் திருநீறு பூசினார். மண்டபத்தில் அவளுக்கென்று மின்விசிறிக்குக் கீழே குஷன் வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள்.

பந்தியில் அவள் இலையில் ஒரு கரண்டி பிரியாணி வைக்கச் சொன்னாள். கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து மென்றுகொண்டிருந்தபோது சொர்ணம் வந்து எதிரில் நின்றாள். கையில் கிண்ணம் நிறையப் பிரட் அல்வா. நெய் சொட்டியது.

“ஒனக்குப் பிடிக்கும்ல. ஆ காட்டு.”

“அண்ணி, வேணாம். இனிப்பு எனக்கு ஆகாது.”

“இனிமே என்னத்த ஆகுறது, ஆகாதது” என்றாள் சொர்ணம். சொல்லும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. இருபத்திரண்டு வருஷத்தில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை என்று அழுதாள். கல்யாணத்தின்போது பெண் கனமாக இருக்கிறாள் என்று தான்தான் சொன்னதாகவும், அதை மன்னித்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். அது சொர்ணம் சொன்னதுதான் என்று பிரகதீஸ்வரிக்கு அன்றுவரை தெரியாது. பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அழுதுகொண்டே நீட்டும் கையை என்ன சொல்லித் தள்ளுவது? பிரகதீஸ்வரி வாயைத் திறந்தாள். நான்கு வாய். ஐந்தாவதற்குச் சொர்ணமே அழுகை தாங்காமல் கிண்ணத்தை வைத்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து பிரகதீஸ்வரியின் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் பிழிந்தார்கள். கண் இருட்டியது. மணப்பெண் அறை என்று எழுதியிருந்த கதவைப் பிடித்தபடி உள்ளே போய், அங்கே இருந்த பாயில் சாய்ந்தாள்.

இரண்டு நிமிஷத்தில் அறை நிறைந்துவிட்டது. காதுகுத்தின பிள்ளை ஒருபக்கம் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஓடுது, ஓடுது, ரொம்ப வேகமா ஓடுது” என்றார். அவரே சற்று யோசித்து, “ஒரு வாய் பால ஊத்திருங்கத்தா. ஆத்துமா அலையக் கூடாது” என்றார்.

பிரகதீஸ்வரிக்கு இதெல்லாம் தூரத்தில் பேசுவதுபோல் கேட்டது. தலையைத் தூக்கிச் சொர்ணம் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டம்ளர் உதட்டருகே வந்தது. அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது.

“அதுல சீனி போட்ருக்கா?”

“போட்ருக்கேன்டி என் தங்கம்” என்று கதறினாள் சொர்ணம். “ஒனக்கு இல்லாத சீனியா? நெறயாவே போட்ருக்கேன்.”

பிரகதீஸ்வரி வாயை இறுக மூடிக்கொண்டாள். சொர்ணம் உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். பெரியவர் மூக்கைப் பிடிக்கச் சொன்னார்.

அந்த நேரத்தில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சிவப்புச் சேலை, முப்பத்தொன்பது நாற்பது வயது. “நான் நர்ஸு. எல்லாரும் அங்கிட்டுப் போங்க. காத்து வரட்டும்” என்றாள். டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தாள். சொர்ணத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள்.

“இனிப்பு சாப்ட்டீங்களா?”

“பிரட் அல்வா. நாலு வாய்.”

“ஆபரேஷன் எந்த மாசம் பண்ணுனீங்க?”

பிரகதீஸ்வரி கண்ணை நன்றாகத் திறந்தாள்.

“பயப்படாதீங்க. நான் மதுரையில ஆறு வருஷம் சர்ஜரி வார்டுல இருந்தேன். வயித்தச் சின்னதாக்குனவங்க இனிப்பு சாப்ட்டா இப்படித்தான் ஆகும். அரை மணி நேரத்துல அடங்கிரும். அப்பிடியே சாஞ்சு படுங்க.” அவள் தன் சேலைத் தலைப்பாலேயே விசிறிவிட்டாள். பெயர் கார்முகில் என்றும், பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை என்றும் சொன்னாள். தலைப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “நீங்க ஆத்மநாதன் சாருக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“சம்சாரம்.”

விசிறிய கை நின்றது.

“அவரு சம்சாரம் போயிட்டாங்கன்னுல்ல சொன்னாங்க.”

“எங்க போனேனாம்?”

கார்முகில் தரையைப் பார்த்தாள். பிறகு, ஒரு நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்பதுபோல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கார்முகிலின் சித்தி மூலமாகச் சொர்ணம்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசினாளாம். மாப்பிள்ளை மின்வாரியம், நல்ல குணம், மனைவி கேன்சரில் போய்விட்டாள், பையன் வெளிநாடு, தொந்தரவில்லை. காதுகுத்துக்கு வந்தால் ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். பந்தியில் அவருக்குப் பரிமாறவும் வைத்தார்களாம்.

பிரகதீஸ்வரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். படபடப்பு இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல தக்காளியும் பஸ்ஸில் கிடைத்த இடமும் ராஜலட்சுமியின் கையும் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கின. இத்தனை நாளாக ஊர் தன்னை அழகாகிவிட்டவளாகப் பார்க்கிறது என்று நினைத்திருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வெட்கம்தான் வந்தது. கார்முகிலை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். லட்சணமாக இருந்தாள். அரசு வேலை. நிதானமான கை. சொர்ணம் நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

“ஒங்களுக்கு அவரப் பிடிச்சுதா?”

“அக்கா, நீங்க வேற” என்றாள் கார்முகில். பிறகு, “கொஞ்சம் கூடச் சாப்புடுறாரு” என்றாள்.

“அது என்னோட பங்கு.”

கார்முகிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பிரகதீஸ்வரிக்கும் வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. கதவுக்கு வெளியே சட்டென்று பேச்சு அடங்கியது. அழுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“வெளியில என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள் கார்முகில். “பிரஷர்னு சொல்லிருவேன். யாரும் மேக்கொண்டு கேக்க மாட்டாங்க.”

பிரகதீஸ்வரி யோசித்தாள். பிரஷர் என்றால் இந்த வாரத்துக்குத் தாங்கும். அடுத்த வாரம் அவளுக்கு வேறு ஒன்று வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, “கதவத் தொறங்க” என்றாள்.

முதலில் நின்றது சொர்ணம். அவளுக்குப் பின்னால் ஆத்மநாதன், சட்டையில் பிரியாணி மசாலா ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் மண்டபம்.

“எனக்குக் கேன்சர் இல்ல” என்றாள் பிரகதீஸ்வரி.

“குடலிறக்கம்” என்றான் ஆத்மநாதன் உடனே.

“அதுவும் இல்ல. நீங்க சும்மா இருங்க.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒடம்பு எறங்கணும்னு வயித்தச் சின்னதாக்கிக்கிட்டேன். முக்காவாசிய வெட்டி எடுத்துட்டாங்க. அதான் எளச்சிருக்கேன். அதான் கொஞ்சமாச் சாப்புடுறேன். இனிப்பு ஒத்துக்காது, அண்ணி ஊட்டுச்சு, அதான் விழுந்தேன். வாயக் கட்ட முடியாமத்தான் பண்ணுனேன். வேற ஒண்ணுமில்ல.”

நாடி பார்த்த பெரியவர் மெதுவாக நகர்ந்து பந்திப்பக்கம் போனார்.

“அப்ப ஒரு வருஷம்னு தம்பி சொன்னானே?” என்றாள் சொர்ணம்.

“எட எறங்கி முடியிறதுக்குக்கா” என்றான் ஆத்மநாதன்.

“அப்ப நீ சாகல?”

“இல்ல அண்ணி.”

சொர்ணத்தின் முகத்தில் சந்தோஷம் வந்ததைப் பிரகதீஸ்வரி கண்ணால் பார்த்தாள். அது உண்மையான சந்தோஷம். ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி சொர்ணத்துக்குத் தான் செய்த காரியங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன.

“சாகலன்னா அத மொதல்லயே சொல்றதில்லையாடி?” என்று கத்தினாள். “இத்தன நாளா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அலையுறேன். ஒரு மனுஷிக்கு இதவிடத் துரோகம் பண்ண முடியுமா?” மூக்கைச் சிந்திக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போனவள், அவர்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும்போது பஸ் அறந்தாங்கி எல்லையைத் தாண்டியது.

“அந்தச் செவப்புச் சேலப் பொண்ணப் பாத்தீங்களா?” என்று பிரகதீஸ்வரி கேட்டாள்.

ஆத்மநாதன் யோசித்தான். “எனக்கு ரெண்டாந்தடவ பிரியாணி வச்சுச்சே, அதுவா?”

“அது எதுக்கு வச்சுச்சுன்னு தெரியுமா?”

“கேட்டேன், வச்சுச்சு.”

அவள் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கடந்துபோகும் கம்பங்களைப் பார்த்தான். பிறகு திரும்பி, “அக்கா கேட்டப்ப எனக்கு வெளங்கலம்மா. நெசமா வெளங்கல” என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிரகதீஸ்வரி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நாளைலேருந்து அரை உழக்குத்தான் போடப்போறேன். பசிச்சாச் சொல்லுங்க” என்றாள்.

மறுநாளே ஊரின் அன்பு நின்றுபோனது. காய்கறிக் கடைக்காரர் அவளையே பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். ராஜலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், இந்தத் தடவை காரணம் இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள், முட்டி வலிக்கவில்லை. ‘வயித்த வெட்டிக்கிட்டவ’ என்று பின்னால் பேசினார்கள். அதற்குத்தான் அத்தனை பயந்தாள். கேட்டபோது, அது சரியான தகவலாகத்தான் இருந்தது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, செபமாலைக்குக் கேட்காத தூரத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போய், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், வலிக்குமா என்று கேட்டுப் போனார்கள்.

சொர்ணம் தீபாவளிக்கு வரவில்லை, போனும் செய்யவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கையில் கோட்டைப்பட்டினத்துக் கருவாடு. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மருமகளிடமிருந்து தொடங்கிச் சம்பந்தி வரைக்கும் குறை சொன்னாள். கார்முகிலுக்குக் கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு வாத்தியார் அமைந்திருக்கிறார், தையில் கல்யாணம் என்றாள். பிரகதீஸ்வரிக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு ஆத்மநாதன் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கிட்டு வெட்டுனாங்க, காட்டு.”

பிரகதீஸ்வரி சேலையை விலக்கிக் காட்டினாள். சொர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஐந்து சின்னத் தழும்புகள், உளுந்தளவு, பயறளவு.

“இதுக்குள்ளாறவா அம்புட்டையும் எடுத்தாங்க?”

“ஆமா அண்ணி. குழா விட்டு எடுத்தாங்க.”

“எடுத்தத என்ன பண்ணுனாங்க?”

“தெரியல. கேக்கல.”

சொர்ணம் கண்ணாடியைக் கழற்றினாள். “கேட்ருக்கணும்” என்றாள்.

அடுத்த மாதம் திருச்சிக்குச் சோதனைக்குப் போனபோது பிரகதீஸ்வரி கேட்டாள். டாக்டருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும், லேபில் பார்ப்பார்கள், ஒன்றும் கோளாறு இல்லையென்றால் மற்றக் கழிவுகளோடு எரித்துவிடுவார்கள், அதுதான் முறை என்றார். அவள் வெளியே வந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றபடி, சொர்ணத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

“நாப்பத்துநாலு வருஷம் ஒழச்ச வயிறு” என்றாள் சொர்ணம். “நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எரிச்சிருக்கலாம்.”

“ஆமா அண்ணி” என்றாள் பிரகதீஸ்வரி. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.